சாதனை அட்டையும் பஸ் போர்டும்

2009-ஆம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அப்பத்தாவோடு வந்தாள். நாலாம் வகுப்பு. கையில் அப்பத்தாவின் மருந்துப் பை. வந்து நின்ற டவுன் பஸ்ஸைக் காட்டி, "டீச்சர், இது நம்ம ஊருக்குப் போகுமா?" என்று கேட்டாள். போர்டு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. "நீயே வாசிச்சுச் சொல்லு பார்ப்போம்" என்றேன், விளையாட்டாக. போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்கப் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளையின் சாதனை அட்டையில், அதாவது பாடத்தில் எந்தெந்தப் படி முடித்தாள் என்று குறிக்கும் அட்டையில், தமிழ் ஏணியின் படி முழுவதும் டிக் விழுந்திருந்தது. டிக் போட்டது நான்.

2004-ல் தொகுப்பூதியத்தில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவள் நான். அன்றிலிருந்து உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில்தான் வேலை. இந்தக் காலத்துக்குள் செயல்வழிக் கற்றல், கல்வி உரிமைச் சட்டம், சமச்சீர்க் கல்வி, முப்பருவ முறை, புதிய பாடநூல், தேசியக் கல்விக் கொள்கை, எண்ணும் எழுத்தும் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக்குப் போனேன், கட்டகம் என்ற பயிற்சிக் கையேடு வாங்கினேன், பதிவேடு எழுதினேன். அவற்றில் எது பிள்ளையின் வாய் வரைக்கும் வந்து சேர்ந்தது, எது என் மேசையோடு நின்றுபோனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கும், பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் பிழைக்கிற பெற்றோருக்கும் இதில் ஏதாவது உதவலாம்.

முதலில் எங்கள் பள்ளியைச் சொல்லிவிடுகிறேன். ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள், தலைமையாசிரியரும் நானும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 60 பிள்ளை வரை இரண்டு பேர். அந்தக் கணக்குப்படி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்பும் என் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாம் வகுப்புக்கு நான் பாடம் சொல்லும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? ஆசிரியர் பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலோடு வந்த முதல் திட்டம் செயல்வழிக் கற்றல்தான். ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில், எங்களைப் போலவே பல வகுப்பும் ஓர் அறையில் இருக்கும் இடங்களில் பிறந்த முறை அது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் வந்தது. பாடநூல் அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் தட்டுகளில் அடுக்கப்பட்டன. சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்தது தொங்கும். சுவரின் அடியில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஓரிடம். நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு நானும் பாயில் உட்கார்ந்தேன். அதுவரை பிள்ளையின் கண்ணுக்கு நேரே என் கண் இருந்ததில்லை. அந்த முறையைக் குறை சொல்லும் யாரோடும் இன்றும் நான் வாதாடுவேன்.

தப்பு நடந்தது எங்கே என்றால், நான் அட்டையைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. அட்டை முடிந்தால் டிக். அட்டையின் மூலையில் இருக்கும் படத்தை வைத்துப் பிள்ளைகள் பாதியை ஊகித்தார்கள். பக்கத்துப் பிள்ளை காதில் சொன்னது மீதி. பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் முதலில் கேட்டது "எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கு?" என்பதைத்தான். அதனால் நானும் எல்லாரையும் ஏற்றிவிடுவதிலேயே குறியாக இருந்தேன். ஏணி முழுக்க ஏறிய பிள்ளைக்கு ஊர்ப் பெயர் வாசிக்க வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஓர் இரும்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. 1990-ல் நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று வந்தது. எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கற்பிக்கச் சாமான்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே உலக உருண்டை, காந்தம், இன்னும் என்னென்னவோ. தலைமையாசிரியர் அதைப் பூட்டிவைத்தார். பொல்லாதவர் இல்லை, பயந்தவர். ஒரு சாமான் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து, துண்டால் துடைத்து, எண்ணிவிட்டு மூடுவார். நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அந்த உருண்டையை ஒருமுறை சுற்றிப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். பத்தொன்பது வருடம் கழித்து, சாதனை அட்டையை வைத்து நானும் அதே வேலையைச் செய்திருக்கிறேன் என்று அன்றைக்கு விளங்கியது. அவர் சாமானைக் காத்தார், நான் டிக்கைக் காத்தேன்.

திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அவர்கள் பார்த்திராத நான்கு வரியை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மூன்று, நான்காம் வகுப்பு சேர்த்துப் பதினெட்டுப் பேர். ஏழு பேருக்கு வாசிக்க வரவில்லை. அந்த ஏழு பேரும் ஒரே மாதிரி திணறவில்லை என்பதைக் கவனித்ததுதான் எனக்கு அதற்குப் பிறகான பாடமெல்லாம்.

சிலருக்கு எழுத்து தெரியும், சேர்க்க வரவில்லை. சிலர் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை யூகித்தார்கள். ஒருவன் "குளத்தில் மீன் இருந்தது" என்ற வரியை "கொளத்துல மீனு இருந்துச்சு" என்று வாசித்தான். நான் உடனே தப்பு என்று நிறுத்தினேன். அவன் அடுத்த வரிக்குப் போகவே இல்லை. அவனுக்குப் பின்னால் வந்தவள் எழுத்துக்கு எழுத்து பிசகாமல் "குளத்தில் மீன் இருந்தது" என்றாள். "குளத்துல என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், வாசித்தவன் அவன்தான். எழுத்தைக் கண்ணால் பார்த்து, பொருளை மனசில் வாங்கி, தன் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறான். அவனைத்தான் நான் வாயடைத்தேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளை வீட்டுத் தமிழில் மாற்றி வாசித்தால் நிறுத்துவதில்லை. வரி முடிந்ததும், "சரி, புத்தகத்துல எப்படி எழுதியிருக்கு, விரல் வைச்சுப் பாரு" என்று சொல்வேன். அவனே திருத்திக்கொள்வான். பிசகில்லாமல் வாசிக்கும் பிள்ளையிடம் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பேன்.

எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சிகளில் இதற்கு நேரம் தருவதே இல்லை. தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைக்கிறார்கள். பிள்ளை கற்க வேண்டிய உருவம் அவ்வளவு இல்லை. 18 மெய்யும் உயிரும் பிடிபட்டால், மீதி பெரும்பாலும் குறியீடுதான். துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றுதான், அதனால் கா, சா, டா வரிசை இரண்டு வாரத்தில் வந்துவிடும். சிக்கல் கொம்பில் வருகிறது. "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போ என்று பழக்கிய கண்ணை இங்கே ஏமாற்றுகிறோம். "கொ" என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. பிள்ளை அதை "கெ, ஆ" என்று பிரித்து வாசிக்கும். நான் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு மூன்றையும் தனி அட்டைகளில் வெட்டிவைத்து, எழுத்துக்கு முன்னால் பிள்ளையையே வைக்கச் சொல்வேன். கையால் வைத்த பிள்ளைக்குக் குழப்பம் சீக்கிரம் தீர்கிறது.

அதற்கும் மேலே கஷ்டம் உகர வரிசை. கு, சு, து என்று அகர வரிசைப்படி போனால் ஒவ்வொன்றும் ஒரு புது உருவம். நான் உருவத்தால் குடும்பம் பிரித்துக்கொண்டேன். சு, பு, யு, வு ஆகியவை கீழே நேராகக் கோடு இறங்குபவை. து, நு, னு, ணு, லு, று ஆகியவை சுற்றிக்கொண்டு மேலே கால் தூக்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை தனித்தனியே சுழிப்பவை. அவற்றைக் கடைசியில், ஒவ்வொன்றாக. ஒரு மாதம் இழுத்த வரிசை பன்னிரண்டு நாளில் முடிகிறது.

இந்த இடத்தில் 1978-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. அந்த வருடம்தான் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்தின் பழைய சுழிகள் போய், எல்லா எழுத்தையும் போலவே காலும் கொம்பும் வந்தன. எங்கள் ஊரில் எழுதத் தெரிந்த ஓர் அம்மாச்சி இன்னும் பழைய முறையில்தான் எழுதுவார். அவர் எழுதிய சீட்டைப் பிள்ளைகளிடம் காட்டினால் "இது என்ன எழுத்து டீச்சர்?" என்பார்கள். அந்த மாற்றத்துக்காக யாரும் பதிவேடு எழுதவில்லை, பிள்ளையின் சுமை மட்டும் குறைந்தது. எனக்குத் தெரிந்து வகுப்பறைக்கு நேராக வந்து சேர்ந்த சீர்திருத்தம் அதுதான்.

முப்பருவ முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்து, பருவத்துக்குத் தனிப் புத்தகம் தரும் முறை. 2012-13-ல் வந்தது. பை கனம் குறைந்தது, அது பெரிய நன்மை. கூடவே முழுமையான தொடர் மதிப்பீடு வந்தது. வகுப்பில் அவ்வப்போது செய்யும் வளரறிக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் எழுதும் தொகுத்தறிக்கு 60. வளரறிச் செயல்பாடு என்ற பெயரில் பல இடங்களில் கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவருவது வழக்கமானது. நானும் சில வருடம் அனுமதித்தேன். பிறகு, பள்ளியில் என் கண் முன்னால் செய்ததற்கு மட்டும்தான் மதிப்பெண் என்று நிறுத்திவிட்டேன். பெற்றோருக்கு இருபது ரூபாய் மிச்சம், எனக்குப் பிள்ளையின் கை எப்படிப் போகிறது என்று தெரிந்தது.

"பெயில் போட்டாத்தான் டீச்சர் படிப்பாங்க" என்று பெற்றோர் சொல்லாத வருடம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2010-லிருந்து உறுதி செய்தது. 2019-ல் அதைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசுப் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்று விதி வந்தது. தமிழ்நாடு பழையபடியே தொடர்கிறது. என் அனுபவத்தில், நிறுத்திவைத்தால் இந்தப் பக்கத்துப் பையன் அதே வகுப்பில் இரண்டாம் தடவை உட்கார மாட்டான். மாமனோடு வெளியூர் முறுக்குக் கம்பெனிக்கு வண்டி ஏறிவிடுவான். அவன் பள்ளியில் இருந்தால்தான் எனக்கு அவனுக்குச் சொல்லித்தர இன்னொரு வருடம் கிடைக்கும். ஆனால் அந்த இன்னொரு வருடத்தில் யாராவது அவன் வாசிப்பதைக் கேட்க வேண்டும். கேட்காமல் ஏற்றி விடுவதும் அவனைக் கைவிடுவதுதான்.

கொரோனா காலம் எல்லாவற்றையும் அம்பலமாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய எங்கள் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல். மூடும்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறக்கும்போது மூன்றாம் வகுப்பு. இடையில் ஆந்திராவிலும் கேரளாவிலும் முறுக்கு, மிட்டாய் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் ஊர் திரும்பின, மறுபடி போயின. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விட்டது.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. எங்கள் ஊரில் பி.காம். முடித்திருந்த ஒரு தங்கச்சி தன்னார்வலராகச் சேர்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மந்தைச் சாவடியில் ட்யூப் லைட்டுக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைப்பாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, "அக்கா, உங்க மூணாப்புப் பிள்ளைகளுக்கு ஒண்ணாப்பு அட்டைதான் வேணும், இருக்கா?" என்று கேட்டாள். பரணில் பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள் கட்டுக் கட்டாக இருந்தன, கரையான் கொஞ்சம் தின்றது போக. தூக்கிக் கொடுத்தேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெறாத அந்தப் பெண், பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாள்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஜூலை 29-ல் வந்தபோது ஆசிரியர்களுக்குள் பேச்சு முழுக்க மும்மொழியைப் பற்றித்தான். அதில் நான் இருமொழி பக்கம். ஆனால் அந்தக் கொள்கையில் இன்னொரு பகுதி இருக்கிறது. தொடக்க, நடுநிலை வகுப்புகளில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராமல் இருக்கிறார்கள், அதைச் சரி செய்யாவிட்டால் கொள்கையின் மற்ற பகுதிக்குப் பொருளே இல்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. அதை வாசித்தபோது எனக்கு அந்தப் பஸ் போர்டு ஞாபகம் வந்தது. அடுத்த வருடம் மத்திய அரசு நிபுண் பாரத் திட்டத்தைத் தொடங்கி, 2026-27-க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வாசிப்பும் எண்ணும் வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாடு தன் வழியில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் தொடங்கியது. இரண்டும் தேடுவது ஒரே பிள்ளையைத்தான்.

நிபுண் பாரத்தில் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று ஓர் அளவு உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அளவை அப்படியே வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. "பள்ளிக்கூடத்திலிருந்து" என்பது நமக்கு ஒரு சொல். வேறு மொழியில் அதுவே மூன்று சொல்லாக எண்ணப்படும். கடிகாரத்தை வைத்துப் பிள்ளையை ஓட்டாதீர்கள். நிறுத்தி, மூச்சு வாங்கி, பொருள் புரிந்து வாசிக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எனக்குப் பிடித்தது பிள்ளை கற்ற நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது. ஒன்று முதல் மூன்று வரை பிள்ளைகள் சேர்ந்து உட்காரலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அரும்பு நிலையில் இருக்கலாம். மந்தைச் சாவடித் தங்கச்சி சொன்னது பயிற்சி நூலாகவே வந்துவிட்டது. பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள்: "மூணாப்புப் பிள்ளைக்கு ஒண்ணாப்புப் புத்தகமா?" ஓர் அப்பத்தா பள்ளி வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். அவரை உள்ளே கூப்பிட்டு, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு புத்தகத்தையும் வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் ஊமையாக இருந்தவன், இன்னொன்றில் ஒரு பக்கம் வாசித்தான். "சரித்தா, இதையே குடு" என்று எழுந்து போனார். விளக்கம் சொல்வதைவிட இது சுலபம்.

பிடிக்காதது செயலியில் மதிப்பீடு ஏற்றுவது. என்னிடம் 23 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேள்வி, தனித்தனியே பதிவு. எங்கள் பள்ளியில் வேப்ப மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். பதில் சொல்லும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ. அதற்காக இன்னும் எனக்குக் கோபம் உண்டு. இப்போது கேள்வியைத் தாளில் கேட்டு, பதிலைத் தாளில் குறித்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகே மரத்தடிக்குப் போகிறேன்.

எனக்கு உண்மையிலேயே நேரம் கிடைத்தது, யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில், கீழ அண்ணாத்தோப்பில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் எங்களைப் போன்ற கிராமப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்னால், நூறு நாள் வேலைக்கு அப்பத்தா விடிய எழுந்து போய்விட்டால் பிள்ளை டீயும் வருக்கியும் தின்றுவிட்டு வரும், சில நாள் அதுவும் இல்லை. பத்தரை மணிக்குத் தலை சாயும். மக்கு என்று நினைத்த ஒரு பையன் வெறும் பசிக்காரன் என்று எனக்குத் தெரிந்தது அந்த ஆகஸ்டுக்குப் பிறகுதான். அவனிடம் நான் இரண்டு வருடம் கடுமையாக இருந்தேன்.

இப்போது பிள்ளைகள் எட்டேகாலுக்கே வருகிறார்கள். எட்டே முக்காலுக்குள் சாப்பாடு முடிந்துவிடும், புதன்கிழமை பொங்கல் என்றால் இன்னும் சீக்கிரம். வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் இருபது நிமிடம் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரம். அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நாளுக்கு ஐந்து பிள்ளை, ஆளுக்கு நான்கு நிமிடம். ஒரு வாரத்தில் 23 பேரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். மிகவும் திணறும் பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் தினமும், மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் இரண்டு நிமிடம். எதிரே உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருவேன், இருவரும் ஒரே பக்கத்திலிருந்து புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பாடநூலை எடுப்பதில்லை, அது மனப்பாடம் ஆகியிருக்கும். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருக்கின்றன. அதில் "நுழை" என் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது. சொல்லில் தடுக்கினால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் மூன்றிலேயே பிள்ளை சொல்லிவிடும். முன்பெல்லாம் நான் ஒன்றிலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, தடுக்கிய சொல், அவ்வளவுதான். "12 – வௌவால், கொய்யா. 19 – கொய்யா சரி, வௌவால் இல்லை." இத்தனை வருடத்தில் நான் எழுதிய பதிவேடுகளில் நானே திரும்ப எடுத்துப் பார்த்தது இந்த நோட்டு ஒன்றைத்தான். ழகரம் பற்றி இதில் ஒன்று தெரிந்தது. எங்கள் பக்கம் "வாளப்பளம்" என்றுதான் வீட்டில் பேச்சு. சொல்வதெழுதுதலில் பிள்ளை ளகரம் போட்டால் கையின் பிழை இல்லை, காதின் பிழை. பத்துத் தடவை எழுதச் சொல்லி அதைத் திருத்த முடியாது. நாக்கை மடக்கி நான் சொல்வதைப் பார்த்து, தானும் சொன்ன பிறகு எழுதச் சொன்னால் திருந்துகிறது.

நான் கேட்கும் நேரத்தில் மற்றவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், அது உண்மை. ஐந்தாம் வகுப்பு அக்கா அண்ணன்மார் ஆளுக்கு இரண்டு சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கதை வாசிக்கிறார்கள். இரைச்சல்தான். பார்வைக்கு வந்த ஒருவர் "என்ன டீச்சர் சந்தைக்கடை மாதிரி இருக்கு?" என்றார். ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் சார் என்றேன். உட்கார்ந்தார்.

கணக்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 42-லிருந்து 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஏழில் இரண்டு போனால் ஐந்து, நாலில் ஒன்று போனால் மூன்று. சின்னதைப் பெரியதில் கழித்துவிடும். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நானும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பிக் கொடுக்காத கடன் என்ன கடன் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருநாள் முறுக்குக் கம்பெனிக்காரர் மகன் ஒருவனிடம், "பத்து முறுக்கு ஒரு பாக்கெட். உங்கிட்ட நாலு பாக்கெட்டும் ரெண்டு தனி முறுக்கும் இருக்கு. ஒருத்தர் பதினேழு முறுக்கு கேக்குறார். குடு" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "ஒரு பாக்கெட்டைப் பிரிச்சாகணும் டீச்சர்." பிரித்தால்? "தனியா பன்னெண்டு ஆகிரும். ஏழு குடுத்தா அஞ்சு. பாக்கெட்டு மூணுல ஒண்ணு குடுத்தா ரெண்டு. இருவத்தஞ்சு." அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் கடன் வாங்குவது கிடையாது, பாக்கெட்டைப் பிரிப்பதுதான். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் பீடிக் கட்டோ, பூவோ, முட்டையோ, பிள்ளையின் வீட்டில் எது கட்டாகப் புழங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் அப்பா விஜயவாடாவில் இருக்கிறார். போன வருடம் தீபாவளிக்கு வந்தபோது பள்ளிக்கு வந்து நின்றார். "நாங்க அங்கிட்டுக் கெடக்கோம் டீச்சர். பையனுக்கு நான் என்ன செய்யணும், டியூசன் வைக்கவா?" என்றார். "டியூசன் வேண்டாம்ணே. ஞாயித்துக்கெழம ராத்திரி போன் பண்ணுவீங்கள்ல, அப்ப அவனை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. வாசிச்சு முடிச்சதும் என்ன கதைன்னு கேளுங்க" என்றேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். "எனக்கே வாசிக்க வராது டீச்சர். அவன் தப்பா வாசிச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்ணே. கதை புரியலேன்னா புரியலேன்னு சொல்லுங்க. அவன் திரும்ப வாசிப்பான்."

இப்போது சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, பள்ளி விடும் நேரத்தில் அவன் புத்தகப் பெட்டி முன்னால் நின்று நேரம் எடுத்துத் தேடுகிறான். போன வாரம் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு, "இது வேணாம் டீச்சர், இதுல ஆனை வரும்போது எங்கப்பா ரெண்டு தடவ புரியலேன்னுட்டாரு" என்று வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.